ஒன்பது மணி நகல்

அச்சகத்தின் அத்தனை டிசைன்களையும் சுமந்திருந்த கணினிச் சேமிப்புப் பெட்டிக்கு, ஒழுகும் கூரையைப் பார்த்தாலே பயம். முதலாளி சுந்தரவடிவேல் எல்லாவற்றுக்கும் கிளவுடில் ஒரு நகல் சேர ஏற்பாடு செய்த பிறகுதான் நிம்மதியானது. பகல் வேலை கெடாமல், தினமும் இரவு ஒன்பதுக்கு நகல் தானாகக் கிளம்பும்.

மாதக் கடைசியில் பெட்டி பக்கத்து மோடத்திடம் கேட்டது. “இதுவரை எவ்வளவுப்பா போயிருக்கு?”

“ஒண்ணுமே போகலண்ணே. ஒன்பது மணிக்கு நாம ரெண்டு பேரும் என்னைக்கு முழிச்சிருந்தோம்?”

தலையிலடித்துக்கொள்ளப் பெட்டிக்குக் கையில்லை.

அன்றும் எட்டரைக்குக் கடை கட்டும் நேரம். சுந்தரவடிவேல் சூடம் காட்டி, பெட்டிக்குப் பொட்டு வைத்து, “எல்லாம் பத்திரமா இருக்கணும்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்தார்.