சிவந்த கன்னம்

"ஆடுற பல்லுதானே டாக்டர்? பிடுங்கிப் போடுங்க, அவ்வளவுதான்லா!" என்றார் சவரிமுத்து.

அவருடைய புது மனைவி பிலோமினா, பினாங்குத் தெருப் பல் மருத்துவரின் நாற்காலியில் தலைகுனிந்து அமர்ந்திருந்தாள்.

"பாத்தீங்களா, கன்னம் சிவக்குது! இந்த வெட்கத்தப் பாத்துத்தான் கட்டினேன்."

மருத்துவர் அருளானந்தம் அவளை நிமிரச் சொன்னார், சிவப்பு வடிந்தது. குனியச் சொன்னார், இடக்கன்னம் மட்டும் சிவந்து தடித்தது. பின்னர்த் தாடையின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் உற்றுக் கேட்டார்.

"தம்பி, வெட்கம் ரெண்டு கன்னத்துலயும் வரும். இவங்களுக்குத் தாடை எலும்புக்குள்ள ரத்தக் குழாய்ங்க பின்னிக் கெடக்கு. பல்லைப் பிடுங்கினா ரத்தம் நிக்காது, உயிர் போயிடும். பெரியாஸ்பத்திரியில கழுத்துக் குழாயக் கட்டிட்டுத்தான் ஆப்பரேஷன் பண்ணணும்."

சவரிமுத்து மனைவியின் கன்னத்தைக் காட்டினார். "அப்ப... வெட்கம்?"

பிலோமினா முதன்முறையாகக் கணவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எனக்கு ஏதுங்க வெட்கம்? பொண்ணு பாக்க வந்தப்ப குனியச் சொன்னாங்க, குனிஞ்சேன். நீங்க மெச்சினீங்க, குனிஞ்சே இருந்துட்டேன். எங்க வீட்டுல என்னை வாயாடின்னுதான் கூப்பிடுவாங்க."

சவரிமுத்து மருத்துவரின் கையைப் பற்றிக்கொண்டார்.

"சிவப்பு போனாப் போவட்டும், டாக்டர். இந்த வாயாடியக் காப்பாத்திக் குடுங்க."