முதலில் பெருக்கு

37.1.

அவள் தெர்மாமீட்டரைத் திருப்பிப் பார்த்தாள். தலைகீழாகவும் பார்த்தாள்.

37.1.

படுக்கையை விட்டு எழவில்லை. எழுவதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. கண் விழித்ததும் நாக்குக்கடியில் தெர்மாமீட்டர். அதற்கப்புறம்தான் சாமி, காபி, கணவன்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வேலூர் ஹவுசிங் போர்டில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அரைச் செங்கல் கனம். மீதி அரை, என் காது.

அவள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் தாளுக்குத் தாள் பென்சிலால் ஓர் எண். 98.7. 98.8. 98.7. ஷேர் மார்க்கெட் என்றேன் நான். கீழ்வீட்டுக் கோமளா லாட்டரி என்றாள்.

இரண்டும் இல்லை. குழந்தை.

கல்யாணமாகி ஏழு வருஷம். மாதாமாதம் உடம்புச் சூடு கொஞ்சம் ஏறும். இரண்டு வாரம் நிற்கும். பிறகு 97.6க்குச் சரிந்துவிடும். குழந்தை இல்லை என்று அர்த்தம். அன்று அந்த வீட்டில் மிக்ஸி ஓடாது.

இந்த முறை சரியவில்லை. பதினேழு நாளாக.

பதினெட்டாம் நாளும் இறங்காமல் நின்றால் நேரே வந்துவிடு என்றிருந்தார் டாக்டர்.

பதினேழாம் நாள் சாயங்காலம் அவளுடைய தெர்மாமீட்டர் பக்கெட் தண்ணீரில் விழுந்தது.

இரவல் கேட்டு வந்தாள். கொடுத்தேன். என் நாத்தனார் துபாயிலிருந்து கொண்டுவந்தது. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கொதித்தபோது முப்பத்தொன்பது என்று கூசாமல் சொன்ன அயோக்கியக் கருவி. அதற்குத் தெரிந்தது செல்சியஸ். நமக்கோ காய்ச்சல் என்றால் நூறைத் தாண்ட வேண்டும், வெயில் என்றால் சதம் அடிக்க வேண்டும். அதனால் ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும் கணக்கை எழுதி டப்பா மூடியில் ஒட்டியிருந்தேன்.

மூடியைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

மறந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் யாராவது வந்து கதவைத் தட்ட வேண்டாமா?

தட்டினான். அவள் கணவன் சற்குணம். லுங்கி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

“அக்கா, நூத்தி இருபத்தி நாலு வருதுக்கா!”

“பொண்டாட்டியாடா அது, தோசைக்கல்லா? இன்னா கணக்கு போட்ட நீ?”

“முப்பத்தி ரெண்டக் கூட்டினேன். ஒம்போதால பெருக்கினேன். அஞ்சால வகுத்தேன். இஸ்கூல்ல அப்பிடித்தானக்கா?”

வீட்டைக் கூட்டினாலும் பெருக்கினாலும் ஒன்றுதான். கணக்கில் அப்படியில்லை.

“மொதல்ல பெருக்குடா. அப்புறம் வகு. கடைசியாத்தான் கூட்டணும்.”

ஓடினான். நான் சுவருக்கு ஓடினேன்.

ஒன்பதால் பெருக்கினார்கள். முந்நூற்று முப்பத்து மூன்று புள்ளி ஒன்பது.

ஐந்தால் வகுத்தார்கள். அறுபத்தாறு புள்ளி ஏழு எட்டு.

பென்சில் முனை ஒடிந்தது. சற்குணம் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். வேறு பென்சில் தேடினான். இந்தப் பக்கம் நான் காதை இன்னும் அழுத்தினேன். முப்பத்திரண்டைக் கூட்ட ஒரு மனிதனுக்குப் பென்சில் எதற்கு?

அவள்தான் வாயாலேயே கூட்டினாள்.

“தொண்ணூத்தெட்டு புள்ளி ஏழு எட்டு.”

அதை இன்னொரு முறை சொன்னாள், மெதுவாக.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். சற்குணம் பைக்கை ஸ்டார்ட் செய்தான். யோசித்தான். அணைத்துவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனான்.

மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குகிறவள் அவள். அந்தச் செருப்புச் சத்தத்தில்தான் பாதி பிளாக் விழித்துக்கொள்ளும்.

இன்று சத்தம் இல்லை.

எட்டிப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

கீழே கோமளா வாசலில் நின்றிருந்தாள். இறங்கி வருகிறவளையும் பார்த்தாள், என்னையும் அண்ணாந்து பார்த்தாள். மூக்கில் வியர்த்துவிட்டது கோமளாவுக்கு.

“இன்னாக்கா, காலங்காத்தால மேல ஒரே ஓட்டம்? இன்னா சேதி?”

படியில் அவள் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

என் நாக்கு துடித்தது. இந்த வாய் எந்தச் சேதியையும் அரைமணி நேரத்துக்கு மேல் வைத்திருந்ததில்லை.

“வெயிலுதான் கோமளா. இன்னிக்கும் சதமாம்.”

அவள் இறங்கத் தொடங்கினாள். கடைசிப் படியில் தலையை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள்.

கைப்பிடியை விடவில்லை.