கடைசி பெஞ்சில் மஞ்சள் பை

மருத்துவமனைக் கட்டிலில் மாலை வெயில் சாய்வாக விழுகிறது. இன்னும் எழுந்து நடக்க அனுமதி கிடைக்காத தையல்காரி, கைபேசியில் தன் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கிறாள். விரலால் தள்ளினால் படம் திரும்புகிறது, தொட்டால் வேறிடத்துக்கு நகர்கிறது. பக்கத்தில் வேன் ஓட்டும் கணவன் ஆரஞ்சு உரிக்கிறான். ஞாயிறுதோறும் அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வேனிலேயே தூங்குகிறவன் அவன். திரையில் தீர்த்தத் தொட்டி வருகிறது. பழக்கதோஷத்தில் அதைத் தொட்டு விரலை நெற்றிக்குக் கொண்டுபோகிறாள். படம் தாவிக் கடைசி பெஞ்சில் போய் நிற்கிறது. அங்கே ஒருவன் முழங்காலில் இருக்கிறான். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். அருகில் ஒரு மஞ்சள் சாப்பாட்டுப் பை; அதில் அவள் கையால் தைத்த பச்சைக் கைப்பிடி. படத்தின் கீழே போன மாதத் தேதி. அவள் நினைவில்லாமல் கிடந்த வாரம் அது.

“என்னங்க, இது யாரு?”

அவன் எட்டிப் பார்க்கிறான். “எவனோ. மூஞ்சியே தெரியலையே.”

“பை தெரியுதே.”

நார் உரிக்கும் விரல்கள் நிற்கின்றன. “வெளிய வெயில் மண்டையப் பொளந்துச்சு. உள்ள ஃபேன் ஓடுச்சு.”

“ஃபேனுக்கா முட்டி போட்டீங்க?”

அவன் ஒரு சுளையை அவள் வாயருகே நீட்டுகிறான். அவள் வாங்கிக்கொள்கிறாள். படத்தைப் பீடத்தின் பக்கம் திருப்பவில்லை. கைபேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, அந்தக் கடைசி பெஞ்சைப் பார்த்தபடியே சிலுவை போட்டுக்கொள்கிறாள்.