அகராதிக்காரர் கொண்டுவந்த பை

நாங்கள் 'அகராதி' என்று சொல்லும் எதிர்வீட்டு சாருக்கு ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டாவிட்டால் சோறு இறங்காது. போன வாரம் லிஃப்டில் மடக்கி, அபராதத்துக்குச் சொல்கிற 'ஃபைன்' லத்தீனில் 'முடிவு' என்றார். "கட்டிட்டா விவகாரம் முடிஞ்சுதுல்ல, அதான்மா!" லிஃப்ட் இரண்டு தடவை ஏறி இறங்கியது.

ஆபீசில் அவருக்குப் பக்கத்து மேஜையில் இருக்கும் என் வீட்டுக்காரர் இதைத் தினமும் எட்டு மணி நேரம் கேட்கிறார், பாவம்.

இன்று மூன்று மணிக்கே அகராதி பெரிய பையோடு கீழே நின்றார். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பைக்கு வெளியே டேபிள் ஃபேனின் தலையும் ஆபீஸ் செருப்பும் தெரிந்தன. எனக்கா புரியாது? உடனே மூன்று வீடுகளுக்குப் போன் போட்டேன்.

"அகராதிக்கு வேலை போயிடுச்சு!"

மணி அடித்தது. வாசலில் அவரேதான்.

"வேலையை விட்டு அனுப்புறதை ஏன் 'சாக்'னு, அதாவது பைன்னு சொல்றாங்க தெரியுமாம்மா? அந்தக் காலத்துல தொழிலாளி சொந்தக் கருவியைப் பையில கொண்டு வருவானாம். வேண்டாம்னா முதலாளி அந்தப் பையைக் கையில குடுத்துடுவாராம்."

வேலை போயும் வாய் போகவில்லை!

"மனசைத் தேத்திக்கோங்க சார். உங்க வீட்டு அக்காகிட்ட நான் பக்குவமா சொல்றேன்."

அவர் பைக்குள் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து என்னிடம் நீட்டினார். காலையில் என் வீட்டுக்காரருக்கு நான் கட்டிக் கொடுத்தது. திறக்கவே இல்லை.

"மாடிப்படியில உட்கார்ந்திருக்கார்மா. மேல வரத் தைரியம் இல்லையாம். நீயே போய்க் கூட்டிட்டு வா."

உள்ளே போன் அடித்தது. மூன்றாவது வீட்டுக்காரியாகத்தான் இருக்கும். அவளுக்கு முழு விவரமும் வேண்டுமே.