டிபியில் அம்மா

நான்கு மாதமாகப் போனையே எடுக்காத மகன், திடீரென்று தில்லையம்மாளின் படத்தை வாட்ஸ்அப் டிபியாக வைத்திருந்தான்.

"அத்தே, இங்க பாருங்க! வினோத் அண்ணன் டிபியில நீங்கதான்!" பக்கத்து வீட்டு மோகனப்பிரியா செல்போனை நீட்டினாள்.

"அவன் மாமியாக்காரி படம் இருந்துச்சே, எடுத்துட்டானா?"

"எடுத்துட்டாரு. இனிமே உங்க ராஜ்ஜியந்தான்."

தில்லையம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகனுக்குப் பிடித்த கத்தரிக்காய் கொத்சு செய்து, தூக்குவாளியோடு சிதம்பரத்தில் பஸ் ஏறினாள். வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதென்று மருமகள் சொல்லியிருந்தாள். அதனால் கடலூரில் அவன் வேலை பார்க்கும் கம்பெனிக்கே போனாள்.

அவளைக் கண்டதும் வாசல் காவலாளி எழுந்து நின்றார்.

"வினோத்குமாரப் பாக்கணும்பா."

"சார் லீவாச்சேம்மா." அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்படியே அவங்க சாடை. கூடப் பொறந்தவங்களா?"

"யாரு கூட?"

"சாரோட அம்மா கூடத்தான். முந்தாநேத்து தவறிட்டாங்களே, அவங்க! டிபியில படம் போட்டுருக்காரே, பாக்கலியா? பத்து நாள் லீவு குடுத்துருக்காங்க."

தில்லையம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். உண்மையைச் சொன்னால் மகனுக்கு வேலை போய்விடும்.

"ஆமாப்பா, அவ தங்கச்சிதான் நான்."

"பாவம். காரியம் என்னைக்கும்மா?"

"இன்னிக்கித்தான். இப்பத்தான் முடிஞ்சுது."

வாளியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"படையல் கொத்சு. நீயாவது சாப்புடு."