கறுத்த இரண்டு சதுரம்

வாளித் தண்ணீரின் மேல் மயில்தோகை நிறங்கள் மிதந்தன. ஆழ்வாப்பிள்ளையர் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். விட்ட வேகத்திலேயே துப்பினார்.

"மிசின் ஒயில்! தம்பி சோமசேகரம், போன மாதம் பெண் பாக்க வந்தபோது இந்தக் கிணத்துத் தண்ணி கற்கண்டு. இப்ப என்ரை மோன் இதைக் குடிச்சுப்போட்டு மிசின் மாதிரிப் புகை விடவோ?"

சோமசேகரம் சால்வையால் கண்ணைத் துடைத்தான். "பக்கத்துக் காணிக்காரன்ரை எரிச்சல், மாமா. பழைய ஒயிலைக் கொண்டுவந்து ஊத்திப்போட்டான்."

"ஆரின்ரை எரிச்சல் எண்டாலும் சரி. தண்ணி இல்லாத காணியிலை வெங்காயம் வைக்கேலாது. இந்தக் கதையை இதோடை விடுவம்."

கார் ஒழுங்கையால் திரும்பிப் போனது. கமலாவதி வாசல் படலையின் மரக் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்த இடம் கையோடு உதிர்ந்தது. கப்பு முழுவதும் கறையான் மண்.

அந்தக் கிணறும் காணியும் மகளுக்கென்று அப்பா வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி ஒன்றரை வருடம். முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு இந்தச் சம்பந்தம் வந்திருந்தது. அடுத்த புதன்கிழமை கலியாண எழுத்து என்று நாளும் வைத்திருந்தார்கள்.

"விடு பிள்ளை," என்றான் அண்ணன் சோமசேகரம். "இனி இந்தக் காணியை ஆர் கேப்பினம்? நானே வைச்சு மாரடிக்கிறன்."

"நான் பஞ்சலிங்கண்ணையை ஒரு கேள்வி கேக்க வேணும்."

"பொம்பிளைப்பிள்ளை, நீ போகாதை! நான் கதைக்கிறன்."

அவள் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் புகுந்து போனாள்.

பக்கத்துக் காணியில் பஞ்சலிங்கம் தண்ணீர் இறைக்கும் மிசின் கொட்டிலுக்குள் நின்றார். இறைப்பு முடிந்து, மிசினில் மிஞ்சிய மண்ணெண்ணெயை வடித்து, துணியால் துடைத்து, பலகையின் மேல் ஏற்றிச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தார். எல்லாம் அவளுடைய அப்பா பழக்கியவை. பழைய ஒயிலைக்கூட நிலத்தில் விடாமல் மூடி போட்ட பிஸ்கற் தகரங்களில்தான் சேர்த்து வைப்பார். "எங்கடை நிலம் அரிதட்டடா. இஞ்சை ஊத்தினால் அங்கை குடிக்கிறவன்ரை செம்பிலை வரும்" என்று அப்பா சொல்வது அவளுக்கும் மனப்பாடம்.

அப்பாவின் மிசினை அண்ணன் எப்போதோ விற்றுவிட்டான். இப்போது அந்த ஒழுங்கையில் மிசின் இருப்பது இவரிடம் மட்டும்தான்.

அவள் கொட்டிலின் மூலையைப் பார்த்தாள். தகரங்கள் இல்லை. அவை இருந்த இடத்தில், சீமெந்தில், கறுத்த சதுர அடையாளங்கள் இரண்டு.

"தகரம் ரெண்டும் எங்கை?"

"வா பிள்ளை. ஏன், உங்களுக்கு இன்னும் வேணுமோ?"

"நக்கலோ? என்ரை கிணத்துக்குள்ளை ஊத்தினது காணாதோ?"

பஞ்சலிங்கத்தின் கையிலிருந்த சாக்கு நழுவியது. "என்ன சொல்லுறாய்?"

"அப்பரின்ரை பிரேதத்தைத் தூக்கேக்கை பாடையின்ரை முன்காலிலை நிண்டனீங்கள். அவர் பழக்கின கையாலை, அவரின்ரை கிணத்துக்கே நஞ்சு ஊத்திப்போட்டியள். மாப்பிளை வீடு திரும்பிப் போட்டினம். இனி எனக்கு ஆர் வரப்போகினம்?"

அவர் வேலிப் பொட்டடிக்கு வந்து அவளுடைய கிணற்றைப் பார்த்தார். பிறகு கறையான் தின்ற படலைக் கப்பைப் பார்த்தார். அதில் ஒரு சொட்டுக் கறுப்பும் இல்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"படலைக் கப்புக்குக் கறையான் பிடிக்குது, பழைய ஒயில் பூசவேணும் எண்டு முந்தநாள் ரெண்டு தகரத்தையும் கொண்ணை சோமசேகரமெல்லே பிள்ளை வாங்கிக்கொண்டு போனவன்."