பத்து எண்ணும்வரை

பத்து எண்ணி முடிக்கும்வரை அசையக் கூடாது என்றாள் ஆக்ஸிலியா.

நான் மூன்று வரைக்கும் தாங்கினேன்.

ஓடைக்கு நடுவே பாறைமேல் நான். எனக்குப் பின்னால் அருவி. முந்தின நாள் கொட்டிய கோடை மழையில் இளைத்துக் கிடந்த ஓடைக்கு உயிர் வந்திருந்தது. நாளைக்கே நூலாகிவிடும். அவள் படம் அனுப்பவிருந்த அருவிப் படப் போட்டிக்கும் இன்றுதான் கடைசி நாள்.

தண்ணீர் பஞ்சாக விழ வேண்டுமாம். அதற்காகக் கேமரா பத்து விநாடி கண்ணைத் திறந்தே வைத்திருக்குமாம். அதற்குள் அசைகிறவர்கள் கலங்கிப்போவார்கள், அசையாதவர்கள் மட்டும் தெளிவாக விழுவார்கள். அருவியின் உயரம் தெரிய ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் நான்.

அதுவரை எடுத்த நான்கு படத்திலும் எனக்குக் கால் இருந்தது, முகம் இல்லை.

“வாய மூடுங்க மேரியக்கா. ஒங்க வாயிதான் கலங்குது.”

நான் வந்தது படத்துக்காகவா? பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிற பெண், லீவு விட்டதிலிருந்து தினமும் தனியாக ஓடைக்குப் போகிறாள். அருவியைப் பார்க்க மட்டும் யாராவது இத்தனை அட்டைக்கடி படுவார்களா? எங்கள் தெருவே கேட்ட கேள்விதான். பதிலோடு திரும்புவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அட்டைக்கு உப்புப் பொட்டலத்தோடு அவள் பின்னாலேயே வழுக்கி வழுக்கி ஏறிவந்தேன்.

தெருவில் என் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு. காரணம், என் வீட்டுக்காரர் ஞானமுத்து. ஏரிப்பக்கம் ஒரு லாட்ஜில் இருபது வருடமாக ரூம்களைக் கவனித்துக்கொள்கிறார். முன்பெல்லாம் வீட்டில் வாயே திறக்க மாட்டார். இந்த சீசனில்தான் என்னவோ தினமும் ஒரு கதையோடு வருகிறார். தனித்தனி ரூம் கேட்ட தேனிலவு ஜோடி, ஹீட்டரில் முறுக்குச் சுட்ட சூரத்துக் குடும்பம். மறுநாள் காலையில் பால் வாங்குகிற இடத்தில் என்னைச் சுற்றித்தான் கூட்டம்.

ஐந்தாவது படத்தை எட்டிப் பார்த்தேன். வழக்கம்போல நான் புகை.

ஆனால் இடது ஓரத்தில், அக்கரை மரத்தடியில், ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும். பத்து விநாடியும் அசையாத முதுகு. தெளிவாக விழுந்திருந்தது.

சிக்கிவிட்டாள்.

கேமராவை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினேன். அடுத்த வீட்டுக் கல்யாணப் படங்களில் பழகிய விரல். ஆக்ஸிலியா தடுத்தாள். நான் விடவில்லை.

ஆளுக்குப் பக்கத்தில் பச்சை வயர்கூடை. கைப்பிடி மட்டும் சிவப்பு.

பச்சை வயர் தீர்ந்துபோனதால் சிவப்பில் முடித்தது நான்தான். காலையில் அதற்குள் புளிச்சோறும் அவித்த முட்டையும் வைத்ததும் நான்தான்.

“லாட்ஜு கைமாறி மூணு வாரமாச்சாம்க்கா. பழைய ஆளுக யாரும் வேணாம்னுட்டாகளாம். மேரிகிட்ட மட்டும் சொல்லிராத தாயின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.”

மூன்று வாரம். தேனிலவு ஜோடி, சூரத்துக் குடும்பம், எல்லாரும் அந்த மரத்தடியிலேயே பிறந்தவர்கள்.

அருவிச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. திரும்பவில்லை.

ஆக்ஸிலியா கேமராவை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்தாள். இப்போது அந்த மரம் படத்தில் விழாது.

நான் மறுபடி பாறையில் ஏறினேன். அவள் எண்ணினாள். போதும் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

இப்படி ஒரு படம் இதுவரை எடுத்ததே இல்லை என்று அவள் ஈரப் பாறையில் குதித்தாள். படத்தில் தண்ணீர் பஞ்சாக இருந்தது. நான் கல்லாக இருந்தேன்.

சாயங்காலம் ஞானமுத்து வழக்கமான நேரத்துக்கு வந்தார். கூடையைக் கழுவப் போட்டார். குரங்கு ஒன்று பாத்ரூமுக்குள் புகுந்துவிட்டதாம். ஈரோட்டுக்காரர் துண்டோடு வராண்டாவில் ஓடினாராம். அப்புறம், அப்புறம் என்று கேட்டேன். குரங்கு சோப்பையும் தின்றதாம்.

மறுநாள் காலையில் பால் வாங்குகிற இடத்தில் எல்லாரும் ஆக்ஸிலியா கதைக்குக் காத்திருந்தார்கள். நான் குரங்குக் கதையைச் சொன்னேன். துண்டு, சோப்பு எதையும் விடவில்லை.

கூட்டத்தில் சுதாராணிக்கு மட்டும் சந்தேகம். நிஜமா என்று கேட்டாள்.

“பின்னே? எங்க வீட்டுக்காரரு கண்ணால பாத்ததுடி.”